புகையிலை வரி ஏறினால் விவசாயிக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு? நீங்களே கணக்குப் போடும் முறை

ஒவ்வொரு முறை சிகரெட் வரி ஏறும்போதும் இரண்டு அறிக்கைகள் வரும். ஒன்று, "லட்சக்கணக்கான விவசாயிகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள்" என்னும். இன்னொன்று, "விவசாயிக்கு இதனால் ஒன்றும் ஆகாது" என்னும். இரண்டிலும் கணக்கு இருக்காது. உழவர் சங்கப் பொறுப்பாளர், செய்தியாளர், பொருளாதாரம் படிக்கும் மாணவர் யாராக இருந்தாலும் ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் அரை நாளில் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். முறை கீழே.

முதலில் எந்தப் புகையிலை என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான கணக்குகள் இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. இந்தியாவில் "புகையிலை" என்பது ஒரே பயிர் அல்ல.

சிகரெட்டுக்குப் போவது பெரும்பாலும் எஃப்.சி.வி. எனப்படும் வெர்ஜினியா. கொட்டகைக்குள் இரும்புக் குழாய் வழியே சூடு செலுத்தி இலையை உலர்த்துவார்கள். ஆந்திராவில் பிரகாசம், நெல்லூர், கோதாவரி வட்டாரங்களிலும், கர்நாடகத்தில் பெரியபட்டணா, ஹுன்சூர், ஹெச்.டி.கோட்டே பக்கமும் விளைகிறது. நாட்டின் மொத்தப் புகையிலையில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். குண்டூரில் இருக்கும் புகையிலை வாரியம், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்த ஒரு வகையைத்தான் ஒழுங்குபடுத்துகிறது. எவ்வளவு விளைவிக்கலாம் என்று வரம்பு வைப்பது, விவசாயியையும் கொட்டகையையும் பதிவு செய்வது, ஏலம் நடத்துவது எல்லாம் இதற்கு மட்டுமே.

பீடிப் புகையிலை குஜராத்தின் சரோத்தர் பகுதியிலும் கர்நாடகத்தின் நிப்பாணியிலும் விளைகிறது. தமிழ்நாட்டில் திண்டுக்கல், வேடசந்தூர், ஈரோடு, வேதாரண்யம் பக்கம் விளைவது மெல்லும் புகையிலை. இவற்றுக்கு வாரியமும் கிடையாது, வாரிய ஏலமும் கிடையாது. வியாபாரி வைத்ததே விலை.

ஆகவே சிகரெட் வரி ஏறியதைக் காட்டி வேடசந்தூர் விவசாயி பாதிக்கப்படுகிறார் என்று எழுதினால் அது தவறு. மெல்லும் புகையிலைக்கான வரியோ, தமிழக அரசு 2013 முதல் குட்கா, மெல்லும் புகையிலைப் பொருட்கள் மீது போட்டுவரும் தடையோ அவரைத் தொடும். சிகரெட் வரி தொடாது.

இதோடு இன்னொரு கணக்கையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2016–17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் சிகரெட் புகைப்பவர்கள் 4.0 விழுக்காடு, பீடி 7.7, புகையில்லாப் புகையிலை 21.4. வரிச்சுமையோ சிகரெட் மேல்தான் அதிகம். "புகையிலை வரி" என்ற பெயரில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் நாட்டுப் புகையிலைப் பழக்கத்தின் ஒரு சிறு மூலையைப் பற்றியதாகவே இருக்கிறது.

வரி இலையில் இல்லை, பொருளில் இருக்கிறது

1943இல் புகையிலைக் கலால் (உற்பத்தி வரி) வந்தபோது இலைக்கே வரி இருந்தது. களத்திலும் கிடங்கிலும் இருக்கும் இலைக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 1979 பட்ஜெட்டில் சரண் சிங் அந்த இலை வரியை நீக்கினார். அன்றிலிருந்து கலாலின் பாரம் தொழிற்சாலை வாசலில்தான்.

இப்போது உலர்ந்த இலைக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அதைக் கட்ட வேண்டியவர் வாங்கும் பதிவுபெற்ற வியாபாரியே; விவசாயி அல்ல. விற்பனைச் சீட்டில் "ஜிஎஸ்டி கழிவு" என்று ஒரு வரி தென்பட்டால் கேள்வி கேளுங்கள். தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜிஎஸ்டியில் பதிவு செய்யவே தேவையில்லை.

எச்சரிக்கை வேண்டிய இடம் ஒன்று உண்டு. இலையை நறுக்கி, பாகு தெளித்து, பாக்கெட்டில் அடைத்துப் பெயர் போட்டால் அது "இலை" என்ற 5 விழுக்காட்டு வகையிலிருந்து நழுவி, பல மடங்கு வரியுள்ள வகைக்குப் போய்விடக்கூடும். மதிப்புக்கூட்டி விற்கலாம் என்று கிளம்பும் உழவர் குழுக்கள் இந்த எல்லையைத் தெரியாமல் கடந்துவிடும். இயந்திரம் வாங்கும் முன்பே வரி ஆலோசகரிடம் வகைப்பாட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒரு சிகரெட்டின் வரியைக் கணக்கிடுதல்

சிகரெட் வரி ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று, நீளத்தை வைத்துப் போடப்படுகிறது. 2017 ஜூலை முதல் 2026 ஜனவரி வரை இருந்த அமைப்பு: 28 விழுக்காடு ஜிஎஸ்டி, அதன்மேல் இழப்பீட்டு செஸ் என்னும் கூடுதல் வரி, தனியாகத் தேசியப் பேரிடர் நிதிக்கான கலால். 70 முதல் 75 மில்லிமீட்டர் வரையிலான ஃபில்டர் சிகரெட்டுக்கு செஸ் 5 விழுக்காடும் ஆயிரத்துக்கு 3,668 ரூபாயும். 65 மி.மீ. வரையிலான ஃபில்டருக்கு 5 விழுக்காடும் 2,076 ரூபாயும்.

இந்த 3,668, 2,076 என்ற எண்கள் எட்டரை ஆண்டுகள் அசையவே இல்லை. பேரிடர்க் கலால் மட்டும் 2020இலும் 2023இலும் ஏறியது. விலைவாசியும் கூலியும் ஏற, ரூபாயில் நிலைத்து நின்ற வரி ஆண்டுக்காண்டு தேய்ந்தது. "வரி ஏறிக்கொண்டே போகிறது" என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டு, எந்த வரி, ஆயிரத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

2026 பிப்ரவரி 1 முதல் செஸ் போய்விட்டது. ஜிஎஸ்டி 40 விழுக்காடு. கலால் ஆயிரத்துக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரை. 65 மி.மீ. வரையிலான ஃபில்டருக்கு 2,100, 70–75 மி.மீ. வகைக்கு 5,400. பீடிக்கு மட்டும் ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய 3,668ஐயும் புதிய 5,400ஐயும் நேராகக் கழித்து, "உயர்வு 1,732 ரூபாய்" என்று எழுதிவிடுவார்கள். தவறு. பழைய செஸ்ஸின் மேல் ஜிஎஸ்டி கிடையாது. கலாலோ பொருளின் மதிப்போடு சேர்ந்துவிடும். அதன் மேலும் 40 விழுக்காடு விழும். எனவே:

5,400 × 1.40 = 7,560
7,560 − 3,668 = 3,892

கலாலையும் செஸ்ஸையும் தவிர்த்த அடிப்படை மதிப்பு ஆயிரத்துக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (இது எடுத்துக்காட்டுக்கான எண், உங்கள் கணக்கில் உண்மையான மதிப்பைப் போடுங்கள்). அதன்மேல் முன்பு 28 + 5 = 33 விழுக்காடு, அதாவது 1,320. இப்போது 40 விழுக்காடு, 1,600. கூடுதல் 280. மொத்த உயர்வு 3,892 + 280 = 4,172. குச்சிக்கு ஏறக்குறைய 4 ரூபாய் 17 காசு. பேரிடர்க் கலாலை எளிமைக்காக இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை.

இதே வேலையை 65 மி.மீ. வகைக்கும் செய்து பாருங்கள்: 2,100 × 1.40 = 2,940; கழித்தல் 2,076; உயர்வு 864 மட்டுமே. அதாவது நீளமான குச்சிக்கும் குட்டைக் குச்சிக்கும் இடையிலான வரி இடைவெளி விரிந்திருக்கிறது. விவசாயிக்கு இது ஏன் முக்கியம் என்று பின்னால் வருகிறது.

பணம் யார் கைக்குப் போகிறது

வரியின் பெயரைப் பொறுத்துப் பணம் போகும் வழி மாறும். இழப்பீட்டு செஸ் மாநிலங்களுக்கான ஜிஎஸ்டி இழப்பீட்டுக்கும், பின்னர் அதற்காக 2020–22இல் வாங்கிய கடனை அடைக்கவும் போனது. கலால் அப்படியல்ல, மத்திய அரசு மாநிலங்களோடு பகிரும் தொகுப்புக்குள் வரும். அதில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு.

5,400இல் 41 விழுக்காடு 2,214. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021–26க்குத் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு 4.079 விழுக்காடு, ஆந்திராவுக்கு 4.047. அந்தப் பங்கின்படி, நாட்டில் எங்கே ஆயிரம் குச்சி விற்றாலும் இந்தக் கலாலில் இரு மாநிலங்களுக்கும் தலா சுமார் 90 ரூபாய்.

ஜிஎஸ்டியில் பாதி, 20 விழுக்காடு, மாநில வரி. அது பொருள் நுகரப்படும் மாநிலத்துக்குச் சேரும். அடிப்படை மதிப்பும் கலாலும் சேர்ந்த 9,400இல் 1,880 ரூபாய். சென்னையில் புகைத்தால் தமிழ்நாட்டுக்கு. மும்பையில் புகைத்தால் மகாராஷ்டிராவுக்கு.

புகையிலையை விளைவித்ததற்காக ஆந்திராவுக்கோ கர்நாடகத்துக்கோ தனியாக ஒரு காசு வருவதில்லை. வரி புகை போகும் ஊருக்குப் போகிறது. இலை பறித்த ஊருக்குத் திரும்புவதில்லை. விவசாயி மேல் விழும் பாதிப்பைப் பற்றிப் பேசும் எவரும் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

விவசாயியின் பங்கு

ஒரு குச்சியில் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. நடுநரம்பு, தூசி போகும் இழப்பையும் சேர்த்து, களத்து இலை 0.9 கிராம் தேவை என்று தாராளமாக வைப்போம். கிலோ 280 ரூபாய் என்றால்:

0.9 × 280 ÷ 1,000 = 0.252 ரூபாய்

ஒரு குச்சியில் விவசாயிக்குப் போவது 25 காசு. மேலே கண்ட வரி உயர்வு மட்டுமே 4 ரூபாய்க்கு மேல். "வரி உயர்வை விவசாயி தலையில் கட்டிவிடுவார்கள்" என்ற வாதம் இந்த எண்ணில் நிற்காது. இலையை இலவசமாகவே வாங்கினாலும் நிறுவனத்தால் 25 காசுக்கு மேல் மிச்சம் பிடிக்க முடியாது. விவசாயிக்கு அடி விலை வழியாகப் பெரிதாக வராது; அளவு வழியாக வரும். குச்சி குறைந்தால் இலை குறையும்.

எவ்வளவு குறையும்: வருவாயையும் இலையையும் ஒரே அட்டவணையில்

விலை ஏறினால் விற்பனை எவ்வளவு குறைகிறது என்பதே விலை நெகிழ்ச்சி. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் விலை 10 விழுக்காடு ஏறினால் நுகர்வு சுமார் 5 விழுக்காடு குறையும் என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்தாளும் பொதுவான அளவு. அதாவது 0.5.

எடுத்துக்காட்டு: 100 கோடி குச்சி, குச்சி விலை 10 ரூபாய், அதில் வரி 5 ரூபாய். வரி 2 ரூபாய் ஏறுகிறது. விலை 12. அதாவது 20 விழுக்காடு உயர்வு.

நெகிழ்ச்சி 0.5 என்றால் விற்பனை 10 விழுக்காடு குறைந்து 90 கோடி. அரசு வருவாய் முன்பு 500 கோடி ரூபாய்; இப்போது 90 × 7 = 630 கோடி. கூடுதல் 130 கோடி. இலைத் தேவை 9 லட்சம் கிலோவிலிருந்து 8,10,000 கிலோவாகும். குறைவு 90,000 கிலோ. கிலோ 280 என்றால் 2 கோடியே 52 லட்சம் ரூபாய்.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். அரசுக்குக் கூடுதல் 130 கோடி. விவசாயிகளின் விற்பனையில் குறைவு 2.52 கோடி. கூடுதல் வருவாயில் நூற்றுக்கு இரண்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாலே அந்த விற்பனை இழப்பு முழுதும் ஈடாகும். செலவு போக லாப இழப்பு என்று பார்த்தால் இன்னும் குறைவு.

நெகிழ்ச்சியை 0.9 ஆக்கிப் பாருங்கள். விற்பனை 82 கோடி, வருவாய் 574 கோடி, கூடுதல் 74 கோடி. இலை இழப்பு 4.54 கோடி. அப்போதும் வரவு அதிகம். இந்த எடுத்துக்காட்டில் வருவாய் சரிய வேண்டுமானால் விற்பனை 28.6 விழுக்காட்டுக்கு மேல் விழ வேண்டும். "வரியை ஏற்றினால் அரசுக்கே நட்டம்" என்று யாராவது சொன்னால், அவ்வளவு விழுந்ததா என்று காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் 2.52 கோடி சிறிய தொகை என்று கடந்துபோக முடியாது. ஒரு கொட்டகையில் 1,500 கிலோ உலரும் என்று வைத்தால் 90,000 கிலோ என்பது 60 கொட்டகை. இழப்பு நாடு முழுக்கப் பரவாது. சில வட்டங்களில் சில ஊர்களில் மொத்தமாக இறங்கும். கொட்டகைக்கும் விறகுக்கும் வாங்கிய கடன் அப்படியே நிற்கும்.

நீளத்தின் கதைக்கு இப்போது வருவோம். குட்டைக் குச்சிக்கும் நீளக் குச்சிக்கும் வரி இடைவெளி விரிந்தால் நிறுவனங்கள் குட்டைக்கு மாறும். 2012இல் 65 மி.மீ. ஃபில்டருக்குத் தனி வரி அடுக்கு வந்ததும் 64 மி.மீ. சிகரெட்டுகள் கடைக்கு வந்தன. குச்சி எண்ணிக்கை குறையாவிட்டாலும் குச்சிக்குள் இருக்கும் இலை குறைந்துவிடும். ஆகவே குச்சி எண்ணிக்கையை மட்டும் வைத்து இலைத் தேவையைக் கணக்கிடாதீர்கள். வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலை எடையைத் தனியே போடுங்கள்.

கடத்தல் சிகரெட்டுக்கும் ஒரு நிரை ஒதுக்குங்கள். வெளிநாட்டுக் கடத்தல் குச்சியில் இந்திய இலை இருக்காது, வரியும் வராது. நிறுவனங்கள் சொல்லும் இந்த வாதத்தில் உண்மை உண்டு. அளவு எவ்வளவு என்பதில்தான் தகராறு. மதிப்பீட்டைச் செய்தவர் யார், பணம் கொடுத்தவர் யார் என்று பார்த்த பிறகே எண்ணை எடுங்கள்.

ஏல விலை விழுந்தால் வரிதான் காரணமா என்று சோதித்தல்

முதலில் பயிர் அளவைப் பாருங்கள். வாரியம் அனுமதித்தது எவ்வளவு, விளைந்தது எவ்வளவு? இருப்பு தேங்கியதால் 2000–01இல் ஆந்திராவில் பயிர் விடுமுறையே அறிவிக்க வேண்டிவந்தது. 2025இல் ஆந்திராவில் ஹெச்.டி. பர்லி என்னும் வேறொரு புகையிலை வகையின் விலை சரிந்து, மாநில அரசே தன் கூட்டுறவு விற்பனைக் கூட்டமைப்பான மார்க்ஃபெட் மூலம் கொள்முதலில் இறங்கியது. அப்போது சிகரெட் வரி ஏறியிருக்கவில்லை. வாங்குவோர் தேவைக்கு மேல் விளைச்சல் குவிந்ததுதான் காரணம். பர்லி வாரியத்தின் கட்டுப்பாட்டில் இல்லாததால் வரம்பு வைக்க ஆளில்லை.

அடுத்து ஏற்றுமதி. எஃப்.சி.வி. இலையில் பெரும் பங்கு வெளிநாடு போகிறது. 2023–24இல் புகையிலை ஏற்றுமதி 12,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஏற்றுமதிக்கு உள்நாட்டு சிகரெட் வரி பொருந்தாது. பிரேசில், ஜிம்பாப்வே விளைச்சல் குறைந்த ஆண்டில் இங்கே விலை ஏறும். அங்கே நிறைந்தால் இங்கே இறங்கும். முந்தைய அட்டவணையின் இலை இழப்பு உள்நாட்டுக்குப் போகும் பகுதிக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, தரம். சராசரி விலை ஏமாற்றும். பருவத்தின் தொடக்கத்தில் நல்ல இலை வரும், முடிவில் மட்டமான இலை மிஞ்சும். சராசரி தானாக இறங்கும். வாரியம் தினமும் வெளியிடும் ஏல மேடை விலையை எடுத்து, அதே தரம், அதே மாதம், போன ஆண்டு என்று ஒப்பிடுங்கள். ஏலம் போகாமல் திரும்பிய பேல்களின் (இலைக் கட்டுகளின்) எண்ணிக்கையையும் குறியுங்கள். நெருக்கடி விலையில் தெரிவதற்கு முன் அங்கே தெரியும். பிப்ரவரியில் வரி ஏறுவதும் ஆந்திர ஏலம் தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரம். கூடவே நடந்தது என்பதால் காரணம் அதுவாகிவிடாது.

விற்பனை, வருவாய்க் கணக்குக்கும் இதே கவனம் தேவை. வரி ஏறும் என்று தெரிந்தால் முன்கூட்டியே சரக்கு இறக்கிவிடுவார்கள். அடுத்த இரண்டு மாதம் விற்பனை விழுந்ததுபோல் தோன்றும். குறைந்தது நான்கு காலாண்டுகளையாவது சேர்த்துப் பாருங்கள்.

மனு எழுதும்போது

"வரியைக் குறையுங்கள்" என்று கேட்கும் விவசாயி மனு, பெரும்பாலும் நிறுவனத்துக்கு 4 ரூபாயும் தனக்கு 25 காசின் ஒரு துண்டும் கேட்கிறது. "வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தாருங்கள்" என்று கேட்பதே விவசாயிக்கான மனு. அதற்கு முன்மாதிரி இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 1992இல் வந்த குடியரசுச் சட்டம் 7171, உள்நாட்டு வெர்ஜினியா சிகரெட் கலாலில் 15 விழுக்காட்டை அந்தப் புகையிலை விளையும் மாகாணங்களுக்கே ஒதுக்கியது. நம் நாட்டில் நடந்தது எதிர்த்திசை: பீடித் தொழிலாளர் நலனுக்கென்று தனியாக வசூலான செஸ்கூட 2017இல் ஜிஎஸ்டியோடு நின்றுபோனது. இந்தியா ஒப்புக்கொண்ட புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, விவசாயிக்குக் கட்டுப்படியாகும் மாற்று வழியை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. மாற்றுப் பயிர்த் திட்டம் 2015–16 முதல் தமிழ்நாடு உட்பட 10 புகையிலை மாநிலங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் மனுவில் எண்ணோடு குறிப்பிடுங்கள்.

மாற்றுப் பயிரை ஒப்பிடும்போது ஏக்கருக்கு மொத்த வரவைக் காட்டாதீர்கள். புகையிலையில் விறகு, கூலி, கொட்டகைப் பராமரிப்பு, குடும்பத்தாரின் வேலை நாட்கள் எல்லாம் கழித்த நிகர வரவை, பயிர் நிற்கும் மாதங்களால் வகுத்துப் போடுங்கள். விறகு ஒன்றே கிலோ இலைக்கு நான்கைந்து கிலோ ஆகும். குடும்ப உழைப்புக்குக் கூலி போடாத கணக்கில் புகையிலை எப்போதும் ஜெயிக்கும். போட்டதும் இடைவெளி சுருங்கும். மறுபக்கம், மானாவாரி மணல் நிலத்தில் மக்காச்சோளமோ கொண்டைக்கடலையோ உடனே அதே வரவைத் தரும் என்றும் எழுதாதீர்கள். விற்க ஏல மேடை இருப்பது புகையிலையின் பெரிய பலம். மாற்றுப் பயிருக்குக் கொள்முதல் ஏற்பாடு கேட்பதும், கொட்டகைக் கடனைத் தள்ளுபடி செய்யவோ உரிமத்தை விலை கொடுத்துத் திரும்பப் பெறவோ கேட்பதும் தனித்தனிக் கோரிக்கையாக இருக்கட்டும்.

அடுத்த பருவத்துக்கான பயிர் அளவை வாரியம் முடிவு செய்வதற்கு முன் மனு போய்ச் சேர வேண்டும். நாற்று விட்டபின் போனால் அந்த ஆண்டுக்கு அது உதவாது.